ஒரு ரொட்டிக்குள் எவ்வளவு வெப்பம்?

"சேர், இந்தப் பிஸ்கட்டில் நூறு கிராமுக்கு 470 கலோரி இருக்கிறதென்று எழுதியிருக்கிறார்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது?" என்று நம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். ஏனைய பிள்ளைகள் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. கலோரி என்னும் சொல் இன்று எல்லார் வாயிலும் அடிபடுகிறது. உடல் மெலிய விரும்புவோர் அதனைப் பகைவனைப் போல் வெறுக்கின்றனர். ஆயினும் அது ஒரு பண்டமா, சத்தா, நஞ்சா என்று வினவினால், படித்தவர்களும் சற்றுத் தயங்கவே செய்வர்.

கலோரி ஒரு பண்டமன்று. அஃது ஓர் அளவை. துணியை மீற்றரால் அளப்பது போலவும், கொழுந்தைக் கிலோவால் நிறுப்பது போலவும், வெப்பத்தைக் கலோரியால் அளக்கிறோம். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துதற்கு வேண்டிய வெப்பம் ஒரு கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது இது மிகச் சிறிய அளவாகிவிடுகின்றபடியால், ஆயிரம் கலோரியை ஒன்றாகக் கட்டிக் கிலோகலோரி என்பர். பொட்டலங்களில் அச்சிடப்பட்டிருப்பது இந்தக் கிலோகலோரியே. ஆங்கிலேயர் இதனைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதிச் சிறிய கலோரியினின்றும் வேறுபடுத்துவதுண்டு. தமிழிலே பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. எனவே நம் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. இக்கட்டுரையில் இனிக் கலோரி என்று நாம் கூறுவதெல்லாம் கிலோகலோரியையே என்று கொள்க.

வாயால் சொல்லி விளங்காததைக் கண்ணால் கண்டால் விளங்கும் என்று எண்ணி, ஆய்கூடத்திலே ஒரு நிலக்கடலைப் பருப்பை ஊசியிற் குத்தித் தீ மூட்டினோம். அதன் மேல் நூறு கிராம் நீர் கொண்ட சிறு தகரக் குவளையைப் பிடித்தோம். அரைக் கிராம் நிறையுள்ள அந்தப் பருப்பு விளக்குத் திரியைப் போலச் சுடர்விட்டு எரிந்தது. 24 பாகையில் இருந்த நீர் 33 பாகைக்கு ஏறியது. அதாவது ஏறக்குறைய 0.9 கலோரி. புத்தகக் கணக்கின்படி 2.8 கலோரி வந்திருத்தல் வேண்டும். மீதி எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். தகரம் குடித்தது போக, காற்றுக் குடித்தது போக, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நம் புருவமும் சிறிது குடித்தது! சுற்றிலும் நீர் சூழ, இறுக மூடிய உருக்குக் கலத்தில், ஒட்சிசனை நிரப்பி இதே காரியத்தைச் செய்வார்களாயின் வெப்பம் எங்கும் தப்பிப் போகாது.

ஆனால் மனித உடம்பு அடுப்பன்றே; நெருப்பின்றி எவ்வாறு எரியும் என்பது அடுத்த ஐயம். இதனைத் தீர்த்தவர் பிரான்சு நாட்டு இலவோசியர். 1780களின் தொடக்கத்தில் அவரும் இலப்பிளாசு என்னும் கணித அறிஞரும் கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் அடைத்து வைத்தனர். அது தன் உடற்சூட்டால் உருக்கிய நீரின் அளவையும், வெளிவிட்ட கரியமிலவாயுவின் அளவையும் எரியும் கரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சுவாசித்தல் என்பது சுடரின்றி மெல்ல எரிதலே என்று முடிவு செய்தனர். அத்தகைய மேதையை 1794இல் புரட்சியாளர்கள் சிரச்சேதம் செய்தனர் என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் கனக்கின்றது.

நூறாண்டுகளின் பின், அமெரிக்காவின் கொனெற்றிக்கற் மாநிலத்தில், உவெசிலியன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அற்வாற்றர், கினிப்பன்றிக்குப் பதிலாக மனிதனையே உள்ளே வைத்தார். சிறிய அறை ஒன்று, சுவர்களூடே நீர்க்குழாய்கள், உள்ளே ஒருவர் நாட்கணக்காக உண்டு, உறங்கி, உழைத்து வாழ்ந்தார். உள்ளே சென்ற உணவின் சக்தியும் வெளியே வந்த வெப்பமும் கணக்குத் தவறாது பொருந்தின. மனிதன் சக்தியைப் படைப்பதில்லை, வாங்கிச் செலவிடுகிறான் என்பது அறைக்குள் அடைத்தே நிறுவப்பட்டது. அற்வாற்றர் வகுத்த கணக்கை இன்றும் உலகம் பயன்படுத்துகிறது: மாப்பொருளும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. புரதத்தைக் கலத்தில் இட்டு எரித்தால் ஐந்தரைக்கு மேல் வரும். நம் உடம்போ அதனை முற்றும் எரியாது ஒரு பகுதியைச் சிறுநீரில் கழித்துவிடுகிறது. ஆதலால் நான்கு.

இவ்வளவும் சொன்ன பின்பும் மாணவர்களின் கண்களில் தூக்கம் தெரிந்தது. ஆகவே நமுனுகுல மலையைத் துணைக்கு அழைத்தோம்.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். நமுனுகுலச் சிகரம் 2,036 மீற்றர். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒருவர் நகரத்திலிருந்து சிகரத்துக்கு ஏறினால், அவ்வளவு உயரத்துக்குத் தம் உடம்பைத் தாமே தூக்குகிறார். அந்தத் தூக்குதலுக்குரிய சக்தியைக் கணித்தால் ஏறத்தாழ 160 கலோரிதான். ஆனால் நம் தசைநார்கள் வாங்குவதில் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மூன்று பங்கு வெப்பமாகக் கழிகின்றது. மலை ஏறும்போது வியர்ப்பது இதனாலேயே. ஆகச் செலவாவது சுமார் 640 கலோரி. நூறு கிராம் கோதுமை மாவில் 350 கலோரி உண்டென்று கொண்டால், ஏறக்குறைய இரண்டு ரொட்டி மாவு. நமுனுகுலையை இரண்டு ரொட்டிக்கு வாங்கிவிடலாம் என்று கேட்டவுடன் வகுப்பு விழித்துக்கொண்டது.

சும்மா படுத்திருப்பதற்கும் விலை உண்டு. இருதயம் துடிக்கவும், மூச்சு நடக்கவும், உடல் சூடாயிருக்கவும், ஐம்பது கிலோ நிறையுள்ள பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரியளவு வேண்டும். மின்சாரக் கணக்கில் இது 60 உவாற்று மின்குமிழ் ஒன்று இரவு பகலாக எரிவதற்குச் சமம். நம் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மின்குமிழ் எரிகின்றது. அதன் கட்டணத்தை நாம் சோறாகச் செலுத்துகிறோம்.

இந்தக் கணக்கு அறியப்படாத காலத்தில் நம் முன்னோர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலைகளைப் பார்வையிட வந்த சேர் றிச்சாட் ரெம்பிள், 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று விதித்தார். ஓர் இறாத்தல் என்பது 454 கிராம். கலோரிக் கணக்கில் 1,600 அளவு. ஓர் அணாவுக்குப் பஞ்ச விலையில் என்ன கிடைத்திருக்குமென்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். கடும் உழைப்பாளியான ஆண் ஒருவனுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் குறித்த அளவு 3,490. பாதிக்கும் குறைந்த உணவில் கல் உடைக்கச் சொன்னார்கள். மாகாணத்தின் சுகாதார ஆணையாளராயிருந்த வைத்தியர் கோணிசு, இந்தப் படி உயிரைத் தாங்காதென்று வன்மையாக எதிர்த்து எழுதினார். கலோரி என்னும் சொல் உணவுத் துறையில் வழங்காத காலத்தில், மெலிந்த உடல்களைக் கண்ணால் கண்டே அவர் அதனைக் கூறினார். சில மாதங்களின் பின் படி உயர்த்தப்பட்டது. அதற்குள் இறந்தோர் இறந்தனர். தப்பியோருள் பெருந்தொகையினர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து இலங்கைக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். ஊவாவின் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் சிலவற்றின் வரலாறு அந்த ஓர் இறாத்தலில் தொடங்குகின்றது.

தோட்டங்களிலே நெடுங்காலம் சம்பளத்தோடு அரிசியும் போடப்பட்டது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபின் அரிசி வரவு தடைப்பட, கோதுமை மாவுக்கு இடம் விரிந்தது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது அந்த மாவும் குறைய, தோட்டப்புறங்களில் மரணங்கள் பெருகின. வயது முதிர்ந்தோர் அக்காலத்தை இன்னும் மறந்திலர். மரவள்ளிக்கும் வழியற்றுப் போன நாட்களை அவர்கள் குரலைத் தாழ்த்தியே கூறுவர்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். பிஸ்கட் பொட்டலத்தோடு வந்த அதே மாணவன், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவன், அடுத்த வாரம் ஒரு கொப்பியோடு நம் முன் நின்றான். தன் தாயார் ஒரு நாள் உண்பதனை அவன் அளந்து எழுதியிருந்தான். நூறு கிராம் மாவில் சுட்ட ரொட்டி காலையில் இரண்டு, பகலில் இரண்டு: 1,400. ரொட்டியிலும் சம்பலிலும் தேங்காய்ப்பூ 60 கிராம்: 210. இரவில் 150 கிராம் அரிசிச் சோறு: 520. பருப்பு 20 கிராம்: 70. எண்ணெய்: 90. இரண்டு கரண்டி சீனி இட்ட தேத்தண்ணீர் நாலு தடவை: 160. கூட்டுத்தொகை 2,450.

"தம்பி, கணக்குச் சரி" என்றோம்.

"அம்மா 48 கிலோ. அவ்வளவுக்குப் போதும்தானே, சேர்?"

நாம் பட்டியலைப் பார்த்தோம். கடும் உழைப்புள்ள 55 கிலோப் பெண்ணுக்கு 2010இல் குறிக்கப்பட்ட அளவு 2,850. நிறையில் உள்ள வேறுபாட்டையும் வேலையின் அளவையும் நோக்கினால், தாயாரின் கணக்கு மிகவும் குறைந்துவிடவில்லை. போதும் என்றே கூறிவிட்டோம்.

அவன் போகவில்லை. "அப்படியென்றால் அம்மாவுக்கு ஏன் எப்போதும் தலைசுற்று? கிளினிக்கிலே இரத்தம் குறைவென்று சொன்னார்கள். தங்கச்சிக்கு நாலு வயது. பிள்ளைக்காம்பராவிலே இரண்டரை வயதுப் பிள்ளையோடு நிற்க வைத்தால் ஒரே உயரம்."

வகுப்பிலே ஒரு மாதமாகக் கலோரியைப் புகழ்ந்து பேசிய நமக்கு அப்போது வாய் எழவில்லை. மணி அடித்ததும் ஒரு வகையில் உதவியாயிற்று.

அன்றிரவு அவன் கொப்பியை மீண்டும் கூட்டிப் பார்த்தோம். மாவும் அரிசியும் சீனியும் சேர்ந்து 2,080. மொத்தத்தில் நூற்றுக்கு 85 பங்கு. கலோரி என்னும் அளவை ஒன்றையே அளக்கும், அது வெப்பம். கொழுந்து நிறுக்கும் தராசு கூடையில் எத்தனை கிலோ என்று கூறும். அதில் எத்தனை முற்றல் இலை என்று கூறாது. இரத்தத்துக்கு வேண்டிய இரும்பு, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பு, வளர்ச்சிக்கு வேண்டிய நாகம், உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றில் ஒரு கலோரியும் இல்லை. இவை எரிவதில்லை. தவிடு நீக்கிய வெள்ளை மாவில் இவை குறைவு. மாவில் புரதம் உண்டு. ஆனால் வளரும் பிள்ளைக்கு இன்றியமையாத இலைசீன் என்னும் பகுதி அதில் போதாது. பருப்பு அக்குறையை நிரப்பும். 20 கிராம் பருப்பு எவ்வளவை நிரப்பும்?

இன்னுமொன்று நம்மைச் சுட்டது. ரொட்டியோடு சேர்த்தே சாயத்தண்ணீர் குடிப்பது வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், மரக்கறிகளிலும் தானியங்களிலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, உடம்பு அதனை உறிஞ்சாமல் தடுக்கின்றது. பகலெல்லாம் கொழுந்தெடுக்கும் கைகளுக்குரியவளின் இரத்தத்தில், அந்தக் கொழுந்தே கை வைக்கின்றது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. இலங்கையின் குடும்ப வருமான செலவு ஆய்வுகளில், தோட்டப்புறத்தார் ஆளொன்றுக்கு உட்கொள்ளும் கலோரி நகரத்தாரினதைவிடக் குறைந்ததாகக் காணப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்விலோ, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். முதற் கணக்கை மாத்திரம் பார்ப்பவர் தோட்டத்தில் குறையில்லை என்று கோப்பை மூடிவிடுவார். நாமும் அன்று அதைத்தானே செய்தோம்! உயரக்குறைவுக்கு உணவு மட்டும் காரணமன்று. கருவுற்ற தாயின் மெலிவு, குறைந்த நிறையுடன் பிறத்தல், நீரும் மலகூடமும் சீரில்லாத லயங்களில் ஓயாத வயிற்றோட்டம் ஆகிய யாவும் கூடுகின்றன.

சிறு பிள்ளையின் கணக்கு வேறு விதமானது. அங்கே கலோரியே குறைந்துபோகும். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,000 கலோரியளவு வேண்டும். வயிறோ பிள்ளையின் கைப்பிடியைவிடச் சற்றுப் பெரிது. இருபது கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு கோப்பைத் தண்ணிக் கஞ்சியில் 70 கலோரிதான் உண்டு; ஆயிரத்தை நிரப்பப் பதினான்கு கோப்பை வேண்டும். எந்தப் பிள்ளை குடிக்கும்? நாலு வாயில் வயிறு நிறைந்தது போலத் தள்ளிவிடும். பிள்ளைக்குப் பசியில்லை என்று தாய் எண்ணுவாள். அதே கோப்பையைச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சி, மசித்த பருப்பும் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயும் சேர்த்தால், அளவு பெருகாமலே சக்தி இரட்டிப்பாகும். எண்ணெய் ஒரு தேக்கரண்டியே 40 கலோரி. மெலிய விரும்பும் நகரத்தார் அஞ்சும் அந்த ஒன்பது கலோரிக் கொழுப்பு, மெலிந்த பிள்ளைக்கு நண்பன். சோளமும் சோயாவும் கலந்து 1973 முதல் கிளினிக்குகளில் வழங்கப்படும் திரிபோசாவின் நோக்கமும் இதுவே. ஆனால் ஒரு பிள்ளைக்கென்று வரும் பொட்டலம் வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடுகிறது. தாயைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்த மாணவனின் தாயார் வந்திருந்தார். ரொட்டியைக் குறைத்து வேறு ஏதேனும் சேர்க்கலாமே என்று நாம் மெல்லக் கூறினோம்.

"மலைக்குப் போறவளுக்கு ரொட்டிதாங்க தாங்கும். சோறுன்னா பத்து மணிக்கே எறங்கிடுமுங்க சேர்" என்றார். சற்றுப் பொறுத்து, "முட்டைக்கு ஆசைதாங்க" என்று சிரித்தார்.

படித்தவர்களின் புத்திமதி தடுக்கி விழும் இடம் இது. ஒரு ரூபாய்க்கு மிகுந்த வெப்பம் தருவது எது என்று கணித்தால், மாவும் சீனியும் எண்ணெயும் முன்னே நிற்கும். முட்டையும் மீனும் பழமும் பின்னே நிற்கும். அந்த அம்மையார் கலோரி என்ற சொல்லை அறியார். ஆனால் அந்தக் கணக்கை நம்மைவிடத் திருத்தமாகப் போட்டிருந்தார். நாட்கூலியில் மலை ஏறி இறங்கும் வெப்பத்தை முதலில் வாங்கவேண்டும். எஞ்சினால்தான் இரத்தத்துக்கு.

ஆகையால் காசு அதிகம் கேளாதவற்றையே அவரிடம் கூறினோம். தேத்தண்ணீரைச் சாப்பாட்டோடு குடியாமல் ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தல். லயத்தின் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் வைத்துச் சுண்டி, எலுமிச்சம்புளி விட்டு உண்ணல். புளியிலுள்ள உயிர்ச்சத்து, கீரையின் இரும்பை உடம்பு ஏற்க உதவும். ரொட்டி மாவில் கால் பங்கு குரக்கன் மா கலத்தல். கலோரி ஏறத்தாழ அதேயளவு, சுண்ணாம்புச்சத்தோ பல மடங்கு. சம்பலில் ஒரு பிடி நெத்தலிக் கருவாடு இடித்துச் சேர்த்தல். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தவறாது விழுங்கல்; அதனைத் தேத்தண்ணீரோடு விழுங்காமை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கீரைப் பாத்தியைக் காட்டுப்பன்றி விட்டுவைக்குமா என்று மாத்திரம் வினவினார். நமக்கு விடை தெரியவில்லை. வேலியைப் பற்றி மகன் ஏதோ சொன்னான்.

இருவாரம் கழித்து அவன் புதிய கொப்பியொன்று கொண்டுவந்தான். இம்முறை நிரல்கள் மூன்று. முதலாவதில் கலோரி, இரண்டாவதில் இரும்பு, மில்லிகிராமில், மூன்றாவதில் பதுளைச் சந்தை விலை, ரூபாயில். பொன்னாங்காணிக்கு எதிரே முதல் நிரலில் மிகச் சிறிய எண் இருந்தது. அதன் கீழே அவன் சிவப்பு மையால் கோடிட்டிருந்தான். முட்டை என்னும் வரிக்கு நேரே மூன்றாம் நிரலில் எழுதி, அடித்து, மீண்டும் எழுதியிருந்தான். விலை ஏறிவிட்டதாம்.